எடுக்காது என்று யார் சொன்னது?

நேயர்களுக்கு வணக்கம். திருச்சியில் ஒரு ஜவுளிக்கடையில், சேலைப் பிரிவில் 26 வருஷம் வேலை பார்த்தவள் நான். நாம் உடுத்துகிற நிறம் மனசை என்ன செய்கிறது என்று பேசச் சொன்னார்கள். அதைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் நான் ஒரு சொல்லிலிருந்துதான் தொடங்க வேண்டும். 'எடுக்காது.' "உன் நிறத்துக்கு இந்தக் கலர் எடுக்காது." கேட்டுக்கொண்டிருக்கும் உங்களிடமும் யாராவது இதைச் சொல்லியிருப்பார்கள்.

ஒரு நாள் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு அக்கா நாத்தனாரோடு வந்தார். தங்கை மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வேண்டும். "என்ன கலர்க்கா பார்க்கலாம்?" என்றேன். "லைட்டா எடுத்துப் போடும்மா" என்றார். சந்தனம், பிஸ்கட், வெங்காயச்சருகு என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டேன். அவர் கண் அதில் இருந்தது. கை மட்டும், பக்கத்தில் முந்தைய ஆள் பார்த்துவிட்டுப் போன அரக்குச் சேலையின் கரையை விரலால் நீவிக்கொண்டே இருந்தது. கடையில் நிற்கிறவர்கள் வாயைவிடக் கையைத்தான் பார்ப்போம்.

அந்த அரக்கை எடுத்துக் கொசுவி அவர் தோளில் போட்டேன். உடனே நாத்தனார், "கறுப்பா இருக்கிறவங்களுக்கு இதெல்லாம் எடுக்காதும்மா" என்றார். அந்த அக்கா சட்டென்று சேலையைத் தோளிலிருந்து இறக்கிவிட்டார். கோபமெல்லாம் இல்லை. பழகிப்போன கை, தானாக இறக்கியது. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"அக்கா, வாசலுக்கு வாங்க" என்று கூட்டிக்கொண்டு போனேன். காலை பதினோரு மணி வெயில். அரக்கு என்பது டியூப்லைட்டில் செத்துப்போய்க் கறுத்துத் தெரியும். வெயிலில் பிடித்தால்தான் உள்ளே இருக்கிற சிவப்பு எழுந்து வரும். (பட்டு எடுக்கப் போகிறவர்கள் இதை மறக்காதீர்கள், வாசல் வெளிச்சத்தில் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.) சரிகை பட்ட வெயில் அந்த அக்காவின் தாடையில் மஞ்சளாக விழுந்தது. கடை வாசல் கண்ணாடியில் பார்த்தார். முந்தியைத் தானே சரிசெய்தார். குனிந்திருந்த முதுகு நிமிர்ந்தது. நாத்தனார் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, இதையே எடு" என்றார்.

தீபாவளிக்கு அந்த அக்கா மறுபடி வந்தார். இந்தத் தடவை தனியாக. நான் கேட்கும் முன்பே, "டார்க்கா காட்டும்மா" என்றார்.

அவர் நிறம் மாறவில்லை, அரக்கும் பழைய அரக்குதான். 'எடுக்காது' என்ற சொல் விலகியது, அவ்வளவுதான். சிவப்பு தைரியம் தரும், நீலம் அமைதி தரும் என்று பட்டியல் போட்டுச் சொல்கிறவர்களை நான் முழுசாக நம்புவதில்லை. ஒரு நிறத்தைப் பார்க்கிற கண்ணும், அதைப் பற்றி வருகிற பேச்சும் சேர்ந்துதான் மனசைத் தொடுகின்றன.

இதற்கு விளையாட்டிலிருந்து ஒரு கணக்கு உண்டு. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் குத்துச்சண்டை, மல்யுத்தம், டேக்வாண்டோ வீரர்களுக்குச் யாருக்கு எது என்று பார்க்காமல், குலுக்கிப் போட்ட மாதிரி, சிவப்பு, நீலம் என்று உடை பிரித்துக் கொடுக்கப்பட்டது. 2005-இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் இருவர் எண்ணிப் பார்த்தார்கள். நூற்றுக்குச் சுமார் 55 போட்டிகளில் சிவப்புதான் ஜெயித்திருந்தது. உடனே சிவப்புச் சட்டை வாங்க ஓட வேண்டாம். 2008-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் டேக்வாண்டோ நடுவர்களுக்கு ஒரே சண்டையைக் கணினியில் உடை நிறத்தை மட்டும் மாற்றிக் காட்டினார்கள். அதே அடி, அதே உதை. சிவப்பில் இருந்தவருக்கு அதிகப் புள்ளி விழுந்தது. அப்போது நிறம் வேலை செய்தது எங்கே? பார்த்தவர் கண்ணில்.

நம் ஊர்க் கறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல காரியத்துக்குக் கறுப்பு வேண்டாம் என்பார்கள். அதே கறுப்பைப் பெரியார் தொண்டர்கள் சட்டையாகப் போட்டுக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்கள். அதே கறுப்பை மாலை போட்டவர்கள் 41 நாள் விரதமாகக் கட்டுகிறார்கள். ஊரே அவர்களை 'சாமி' என்று அழைக்கிறது. சாயம் ஒன்றுதான். கட்டினவர் நடை மட்டும் ஆளுக்கு ஆள் வேறு.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: பிள்ளைகளிடம், முக்கியமாக மாநிறமாகவோ கறுப்பாகவோ இருக்கிற பெண் பிள்ளைகளிடம், 'எடுக்காது' என்று சொல்லாதீர்கள். பத்து வயதில் கேட்டதை நாற்பது வயதில் தோளிலிருந்து இறக்குகிறார்கள். நான் பார்த்தேன்.

பள்ளிச் சீருடை பற்றியும், ஆண்கள் ஏன் நாலு நிறத்துக்குள்ளேயே நின்றுவிடுகிறார்கள் என்பது பற்றியும் பேச நினைத்திருந்தேன். நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். என் அத்தை 29 வயதில் கணவரை இழந்து, அன்றிலிருந்து வெள்ளை கட்டியவர். என் முதல் சம்பளத்தில் அவருக்கு ஒரு சேலை வாங்கினேன். ரொம்ப நாள் பெட்டியிலேயே இருந்தது. ஒரு நாள் மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து, அப்படியே திண்ணையில் வந்து உட்கார்ந்தார். தெருவே பார்த்தது. வாடாமல்லி நிறம். நன்றி, வணக்கம்.