பத்துக் கல் அகலத்தில் மரியோ

(வெள்ளவத்தையில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம்.

1996இல் கொழும்பில் கரண்ட் இல்லாமல் இருந்த நாட்கள் இங்கே இருக்கும் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றி, தினமும் பல மணித்தியாலம் மின்வெட்டு. எனக்கு அப்போது பத்து வயது. வீட்டில் ஒரு டிவி கேம் இருந்தது. அதற்குள் போடும் கசற்றில் ஏராளம் விளையாட்டு என்று எழுதியிருக்கும், ஆனால் நானும் தங்கச்சியும் விளையாடியது ஒன்றைத்தான், ஒரு குட்டி மனிதன் ஓடிப் பாய்ந்து பள்ளங்களைக் கடக்கும் விளையாட்டு. மரியோ. அதில் சேமித்து வைக்க வழியே கிடையாது. ஏழாம் உலகம் வரைக்கும் போய்விடுவோம், சுவரில் மின்விசிறி மெல்ல நிற்கும், அவ்வளவுதான். கரண்ட் திரும்பி வந்ததும் முதலாம் உலகத்தின் முதல் குழாயிலிருந்து தொடங்க வேண்டும். தோற்ற பிறகு ஏ பொத்தானை அழுத்திக்கொண்டு ஸ்டார்ட்டை அழுத்தினால் அதே உலகத்திலிருந்து தொடரலாம் என்ற இரகசியம் எங்களுக்கு வெகுகாலம் தெரியாது. தெரிந்திருந்தாலும் மின்வெட்டுக்கு அது உதவியிருக்காது.

2000ஆம் ஆண்டு மாமா ரொறன்ரோவிலிருந்து வந்தார். ஊதா நிறக் கண்ணாடி போல, உள்ளே இருக்கும் பலகை வெளியே தெரியும் ஒரு கேம் போய் கலர் கொண்டு வந்தார். அதோடு ஒரே ஒரு கசற். சூப்பர் மரியோ பிரதர்ஸ் டீலக்ஸ். 1985இல் வந்த மரியோவை 1999இல் அந்தக் கைக்கருவிக்காக, அதைச் செய்த ஜப்பானிய நிறுவனமான நின்டெண்டோவே திரும்பச் செய்தது. இன்றைக்கு நான் கதைக்க வந்தது அந்தக் கசற்றைப் பற்றித்தான். ஒரு பெரிய கலையைச் சின்ன இடத்துக்குள் கொண்டுவரும்போது எதை வெட்டலாம், எதில் கை வைக்கக்கூடாது என்ற கேள்விக்கு நான் கண்ட நல்ல விடைகளில் ஒன்று அதற்குள் இருக்கிறது.

முதலில் மூலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். ஷிகெரு மியமோட்டோவும் தகாஷி டெசுகாவும் வடிவமைத்தார்கள், கோஜி கோண்டோ இசையமைத்தார். எட்டு உலகம், உலகத்துக்கு நான்கு கட்டம், ஆக 32 கட்டம். இத்தனையும் 40 கிலோபைட்டுக்குள். காலையில் உங்கள் கைபேசிக்கு வரும் ஒரு வணக்கப் படம் அதைவிடப் பெரியது. இடம் போதாமல், வானத்து மேகத்துக்கு வரைந்த அதே உருவத்துக்குப் பச்சை நிறம் கொடுத்துத் தரையில் பற்றையாக வைத்தார்கள். அடுத்த முறை விளையாடும்போது கவனித்துப் பாருங்கள்.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம். மரியோவின் உலகம் சதுரக் கற்களால் ஆனது. ஒரு கல் திரையின் 16 புள்ளி (பிக்சல்) அகலம், 16 புள்ளி உயரம். டிவியில் விளையாடிய பழைய கருவியின் படம் 256க்கு 240 புள்ளி. அதாவது 16 கல் அகலம், 15 கல் உயரம். கேம் போய் கலரின் திரையோ 160க்கு 144. பத்துக் கல் அகலம், ஒன்பது கல் உயரம். முன்பு 240 கல் பரப்புத் தெரிந்த இடத்தில் இப்போது 90 கல்தான் தெரியும்.

செய்தவர்களுக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. எல்லாவற்றையும் சுருக்கி முழுக் காட்சியையும் அந்தச் சின்னத் திரைக்குள் அடைக்கலாம். அல்லது மரியோவையும் கற்களையும் அதே அளவில் விட்டுவிட்டு, பார்வையை வெட்டலாம். அவர்கள் பார்வையை வெட்டினார்கள்.

வெட்டியதை அந்த நாளில் பலர் குறையாகச் சொன்னார்கள். நானும் சொன்னவன்தான். முழு வேகத்தில் ஓடிப் பாய்ந்தால் சில வேளை இறங்கப் போகும் இடம் திரையிலேயே இருக்காது. எட்டாம் உலகத்தின் முதல் கட்டத்தில், பள்ளங்களுக்கு நடுவே ஒற்றைக் கல் அகலத்தில் நிற்க வேண்டிய இடங்கள் இருக்கின்றன. டிவியில் அவற்றைத் தூரத்திலேயே கண்டு மனதைத் தயார்ப்படுத்தலாம். கைக்கருவியில் கல் கண்ணில் பட்டதும் கால் அங்கே இருக்க வேண்டும். வேறு சில கட்டங்களில் மேலே மேகத்தில் இருப்பவன் முட்கள் நிறைந்த பிராணிகளை எறிகிறான், ஆனால் அவன் எங்கே இருக்கிறான் என்று தெரியாது.

இதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் கூத்து நினைவுக்கு வரும். மட்டக்களப்பில் கூத்து வட்டக்களரியில் ஆடுவது. சனம் நாலு பக்கமும் இருக்கும், விடிய விடிய நடக்கும். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு அதைப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். வட்டம் போனது. நாலு பக்கமும் இருந்து பார்த்தது ஒரு பக்கப் பார்வையானது. ஓர் இரவு நீளம் ஒரு மாலைக்குள் சுருங்கியது. இவ்வளவையும் விட்டுக்கொடுத்தவர் ஆட்டத்தையும் தாளக்கட்டையும் விட்டுக்கொடுக்கவில்லை. அவை போனால் மேடையில் மிஞ்சுவது கூத்துடுப்புப் போட்ட வேறொரு நாடகம்.

மரியோவுக்கு ஆட்டம் எது? அவனுடைய பாய்ச்சல். பொத்தானைத் தொட்டுவிட்டால் சின்னத் துள்ளல், அழுத்திப் பிடித்தால் நான்கு கல் உயரம். ஓட்டத்தின் வேகம் பாய்ச்சலில் சேரும். அந்தரத்தில் நிற்கும்போதே திசையைக் கொஞ்சம் திருப்பலாம். ஓடிவந்து நிற்கப் பார்த்தால் உடனே நிற்க மாட்டான், சற்று வழுக்கித்தான் நிற்பான். இந்த எடையும் வழுக்கலும்தான் விளையாட்டே. மற்றதெல்லாம் அதற்குக் கட்டிய மேடை. டீலக்ஸில் அந்தப் பாய்ச்சல் அப்படியே இருக்கிறது. டிவி கேமில் பழகிய என் பெருவிரல் முதல் நாளே அதை அடையாளம் கண்டது. கண் தடுமாறியது, விரல் தடுமாறவில்லை.

மற்ற வழியையும் பின்னால் நின்டெண்டோ போய்ப் பார்த்தது. 2004இல் கேம் போய் அட்வான்ஸ் கருவிக்கு அதே 1985 விளையாட்டை வெளியிட்டார்கள். அந்தத் திரை 240க்கு 160. அகலம் கிட்டத்தட்டச் சரி, உயரம் போதாது. அதனால் படத்தை மேலிருந்து கீழாக அமுக்கினார்கள். முழுக் காட்சியும் தெரிகிறது, உண்மை. ஆனால் மரியோ குள்ளமாகிவிட்டான், சதுரக் கற்கள் நசுங்கின. கண்ணால் அளந்து விரலால் பாயும் ஒரு விளையாட்டில் அளவுகோலையே நசுக்கினால் எப்படி? எனக்கு அது ஒத்துவரவில்லை. இதைவிட டீலக்ஸின் வழி எவ்வளவு நேர்மையானது என்று அப்போதுதான் விளங்கியது.

வெட்டியதை அவர்கள் வெட்டியபடியே விடவும் இல்லை. மேல் பொத்தானை அழுத்தினால் பார்வை மேலே போகும், கீழ்ப் பொத்தானை அழுத்தினால் கீழே வரும். கேட்கும்போது சின்ன விஷயம். ஆனால் மூல விளையாட்டில் யாரும் நின்று அண்ணாந்து பார்த்ததில்லை, பார்க்க அவசியமும் இல்லை. டீலக்ஸில் மரியோ ஒரு குழாயின் மேல் நிற்கிறான், நீங்கள் மேலே பார்க்கிறீர்கள், அங்கே வானத்தில் கற்கள் வரிசையாக இருக்கின்றன. பத்து வருடம் ஓடிக் கடந்த இடத்தை முதல் தடவை பார்ப்பது போல இருக்கும்.

அப்புறம், சவால் என்று ஒரு பகுதி வைத்தார்கள். அதே 32 கட்டங்கள், ஆனால் ஒவ்வொன்றிலும் ஐந்து சிவப்பு நாணயங்கள், யோஷி என்ற டைனோசரின் முட்டை ஒன்று, எட்ட வேண்டிய ஒரு புள்ளித் தொகை. முட்டை கண்ணுக்குத் தெரியாத கல்லுக்குள் ஒளிந்திருக்கும். என் தங்கச்சிக்கு வேகமாக ஓடுவது பிடிக்காது. டிவி கேமில் நான் விளையாட அவள் பக்கத்தில் இருந்து பார்ப்பாள். சவால் பகுதியில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. பின்னேரம் பாடசாலையால் வந்ததும் ஜன்னலோரம் இருந்து, ஒவ்வொரு கல்லாகத் தலையால் முட்டிப் பார்ப்பாள். இரண்டாம் உலகத்து முட்டை ஒன்றை அவள் கண்டுபிடித்த அன்று வீடே கேட்கும்படி கத்தினாள். ஓடித் தப்பும் விளையாட்டாக இருந்தது, தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டாகவும் ஆனது. திரை சின்னதாக இல்லாவிட்டால் இந்தப் பகுதி இவ்வளவு சுவையாக இருந்திருக்காது.

வேறு பலதும் அதற்குள் இருக்கின்றன. அச்சியந்திரத்தில் படம் எடுக்கலாம், நாட்காட்டி பார்க்கலாம், ஒரு இலட்சம் புள்ளி எடுத்தால் 'பூ' (Boo) என்று பெயர் வைத்த ஆவியோடு ஓட்டப் போட்டி திறக்கும். மூன்று இலட்சம் எடுத்தால், 1986இல் ஜப்பானில் மட்டும் வந்த கடினமான இரண்டாவது விளையாட்டும் திறக்கும். அதைப் பற்றி மட்டும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. மூலத்தில் அதற்குப் 13 உலகங்கள், இங்கே எட்டோடு முடித்துவிட்டார்கள். அந்தக் கடைசி ஐந்தையும் தந்திருக்க வேண்டும்.

எங்களுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிது, அதில் சேமிக்க முடிந்ததுதான். 2001இல் திரும்பவும் வரட்சி, திரும்பவும் மின்வெட்டு. இரண்டு சின்னப் பற்றரியில் வேலை செய்யும் கருவிக்குக் கரண்ட் வேண்டாம். விளையாடியதும் அழியாது. ஆனால் அந்தத் திரைக்குத் தன் வெளிச்சம் கிடையாது. வெளியிலிருந்து விழும் வெளிச்சத்தில்தான் மரியோ தெரிவான். ஆகவே மின்வெட்டு இரவுகளில் நானும் தங்கச்சியும் அம்மா சமைக்கும் இடத்துக்குப் போய், மண்ணெண்ணெய் விளக்குக்குப் பக்கத்தில் தோளோடு தோள் இருந்து, கருவியைச் சரித்துச் சரித்துப் பிடித்து விளையாடினோம். ஒருவர் விளையாட மற்றவர் வழி சொல்ல வேண்டும். "அடுத்தது பள்ளம், பிறகு இரண்டு ஆமை, அதற்குப் பிறகு பாய்." திரைக்கு வெளியே இருந்த மிச்ச 150 கல்லும் எங்கள் இரண்டு பேரின் ஞாபகத்தில் இருந்தது.

2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோது நான் அலுமாரியைக் கிளறி அதை எடுத்தேன். தங்கச்சி இப்போது மெல்பேர்னில். பற்றரி போட்டதும் கருவி உயிர்பெற்றது, அந்தச் சின்ன மணியோசை கேட்டது. சேமித்தவை ஒன்றும் இல்லை. கசற்றுக்குள் நாணயம் போல ஒரு பற்றரி இருக்கிறது, அதுதான் ஞாபகத்தைக் காப்பது. இருபது வருடத்தில் அது செத்துவிட்டது. அவள் தேடிச் சேர்த்த சிவப்பு நாணயங்கள், முட்டைகள், எல்லாம் போய்விட்டன. எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது. அன்றிரவு அவளுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "இரண்டாம் உலகத்து முட்டை எங்கே என்று எனக்கு இப்பவும் தெரியும் அண்ணா, நீங்கள் விளையாடுங்கோ, நான் சொல்கிறேன்" என்றாள்.

புறக்கோட்டையில் ஒருவரிடம் கொடுத்து அந்தப் பற்றரியை மாற்றிவிட்டேன். இப்போது ஞாயிறு தோறும் அவள் சொல்ல நான் விளையாடுகிறேன். ஆறாம் உலகம் வரைக்கும் வந்திருக்கிறோம்.

கருவியை இன்றைக்குக் கொண்டு வந்திருக்கிறேன். முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகள் விளையாட விரும்பினால், அதோ அந்த ஜன்னல் பக்கம் வாருங்கள். இருட்டுவதற்கு இன்னும் அரை மணித்தியாலம் இருக்கிறது, இங்கே உள்ளே திரை தெரியாது.