நம்ம ஏரியா போலீஸ் திருப்தியா? வடசென்னையில் கேட்டுப் பார்த்தேன்

வணக்கம் மக்களே! தண்டையார்பேட்டையிலிருந்து பேசுகிறேன். பின்னாடி கன்டெய்னர் லாரிச் சத்தம் கேட்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காசிமேடு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி என்று போகிற இடமெல்லாம் பழகின ஆட்களிடம் ஒரே கேள்விதான் கேட்டேன். நம்ம ஏரியா போலீஸ் உங்களுக்குத் திருப்தியா? திருடனைப் பிடித்தார்களா என்பதிலிருந்து யாருமே ஆரம்பிக்கவில்லை. ஸ்டேஷனில் உட்காரச் சொன்னார்களா, ரசீது கொடுத்தார்களா, அப்புறம் ஒரு போனாவது பண்ணினார்களா, இதுதான் பேச்சு.

காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்கிற ஓர் அக்கா. விடியற்காலையில் ஷேர் ஆட்டோவுக்காக நின்றபோது பைக்கில் வந்த இரண்டு பேர் அவர் கையிலிருந்த போனைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஸ்டேஷனுக்குப் போனால், "பிடுங்கிட்டாங்கன்னு எழுதாதம்மா, தொலைஞ்சுபோச்சுன்னு எழுது, வேலை சீக்கிரம் முடியும்" என்றார்களாம். கூடையை இறக்கி வைக்கும்போது தவறிவிட்டது என்று ஒரு காரணத்தையும் அவர்களே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அக்காவும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டார்.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் பறிப்புக்கென்றே 304-வது பிரிவு இருக்கிறது. மூன்று வருடம் வரை சிறை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இதற்குத் தனிப் பிரிவே கிடையாது. புதிதாகக் கொண்டுவந்த பிரிவைப் பயன்படுத்தாமல் 'தொலைந்தது' என்று எழுத வைத்தால், அந்தத் தெருவில் அன்று குற்றமே நடக்கவில்லை என்று ஆகிவிடுகிறது. காகிதத்தில் ஏரியா அமைதியாக இருந்தால் விடியற்காலை ரோந்து எதற்கு அங்கே வரப்போகிறது? நாளைக்கு அதே இடத்தில் இன்னொரு அக்கா நிற்பார்.

இதில் மூன்று காகிதம் இருக்கிறது, குழப்பிக்கொள்ளாதீர்கள். லைசென்ஸ் மாதிரி ஆவணம் ஏதாவது நிஜமாகவே தொலைந்திருந்தால் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே பதிவு செய்து சான்று எடுத்துக்கொள்ளலாம். சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனுவை வாங்கிக்கொண்டதற்கான ரசீது, அவ்வளவுதான். வழக்கு என்றால் எஃப்.ஐ.ஆர்.தான். வாரண்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது. நகலை இலவசமாகத் தரவேண்டும். "இது எங்க எல்லை இல்லை" என்று சொல்லியும் திருப்பி அனுப்ப முடியாது. அப்படியும் வாங்க மறுத்தால், புகாரை எழுதித் துணை ஆணையருக்குத் தபாலில் அனுப்புங்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவிலேயே அதற்கு வழி இருக்கிறது. அக்காவும் நடந்ததை நடந்தபடி எழுதி ஒரு மனு தயார் செய்து வைத்திருக்கிறார்.

கொருக்குப்பேட்டையில் ஒரு பெரியவர் நேர்மாறாகப் பேசினார். வாடகைத் தகராறு, எதிராளி புகார் கொடுத்திருக்கிறார். 60 வயதைத் தாண்டியவரை விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது சட்டம். ஒரு பெண் எஸ்.ஐ. அதை மதித்து வீட்டுக்கே வந்து, அவர் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு தரப்பையும் எழுதிக்கொண்டு போயிருக்கிறார். தகராறு இன்னும் தீரவில்லை. ஆனாலும் "அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும்" என்கிறார் பெரியவர். திருப்தி என்றால் இதுதானே மக்களே!

வியாசர்பாடித் தம்பி ஒருவர் உணவு டெலிவரி செய்கிறார். ராத்திரி வண்டிச் சோதனையில் லைசென்ஸில் இருக்கிற முகவரியைப் பார்க்கும்வரை மரியாதையாகத்தான் பேசுகிறார்களாம். பார்த்த பிறகு பையைக் கொட்டச் சொல்கிறார்கள், எந்த கேஸில் இருக்கிறாய் என்று கேட்கிறார்கள். ஓர் ஏரியாவின் பேரை வைத்து அங்கே இருக்கிற எல்லாப் பிள்ளைகளையும் எடை போடுவது அநியாயம். வியாசர்பாடியில் படித்து வேலைக்குப் போகிற பிள்ளைகள் எத்தனை பேர்!

போலீஸ்காரர்கள் பாடும் லேசானதில்லை. மழை பெய்தால் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும். அங்கே தடுப்பு வைத்து வண்டிகளைத் திருப்பி விடுவதும் அவர்கள்தான். காவலர் முதல் ஏட்டு வரை வார விடுப்பு என்று 2021-ல் அரசாணையே போட்டார்கள். "பந்தோபஸ்து வந்தா அதுவும் போச்சு தம்பி" என்று எனக்குத் தெரிந்த ஏட்டையா ஒருவர் சொல்கிறார். தூங்காத மனுஷனிடம் பொறுமையை எதிர்பார்ப்பதும் கஷ்டம்தான். ஆட்களைக் கூட்டுங்கள், விடுப்பை ஒழுங்காகக் கொடுங்கள் என்று நாம் சேர்ந்து கேட்கவேண்டிய விஷயம் இது.

சரி, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். புலனாய்வு எந்த அளவில் இருக்கிறது என்பதைப் புகார் கொடுத்தவருக்கு 90 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று அதே நடைமுறைச் சட்டம் 193-வது பிரிவில் சொல்கிறது. போனிலோ மெசேஜிலோ சொன்னாலும் போதும். வண்ணாரப்பேட்டை முதல் திருவொற்றியூர் வரை, உங்களில் யாருக்காவது அப்படி ஒரு தகவல் வந்திருக்கிறதா? வரவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள். வந்திருந்தால் எந்த ஸ்டேஷன் என்று கட்டாயம் சொல்லுங்கள், நேரில் போய் நன்றி சொல்லிவிட்டு வருகிறேன்.