சாக் கணக்கு எங்க போச்சு? குவார்ட்டர்பேக் ஷீட்டைப் பிரிச்சு மறுபடி போடுறோம்

வணக்கம் மக்களே. இன்னைக்கு இன்ட்ரோ மியூசிக் கிடையாது, கடுப்புல இருக்கேன். போன வீடியோவுல ஒரு எக்ஸெல் ஷீட் குடுத்தேன். அமெரிக்கன் ஃபுட்பால்ல பந்த வீசுற குவார்ட்டர்பேக் பசங்கள, என்எஃப்எல்ங்கிற ப்ரோ லீக் அணிங்க காலேஜ்லருந்து வரிசையா எடுக்குற டிராஃப்ட்டுக்காக எடை போடுற ஷீட். அத இறக்கிப் பாத்தவங்க கமெண்ட்டுல பிடிச்சுட்டாங்க. "ண்ணா, நல்லா ஓடுற பையனுக்கு ஒரு ஓட்டத்துக்கு 2.5 கெஜம்னு காட்டுதே"ன்னு. காட்டத்தான் செய்யும். தப்பு நம்ம ஷீட்டுல, ஆனா அந்தத் தப்போட வேர் அமெரிக்கக் காலேஜ் கணக்குல இருக்கு.

என்எஃப்எல்ல குவார்ட்டர்பேக்க பந்தோட மடக்கிப் போட்டா, அதாவது சாக் ஆனா, இழந்த கெஜம் அணியோட பாஸிங் கணக்குல கழியும். காலேஜ்ல அது ஓட்டக் கணக்குல கழியும். ஓடின எண்ணிக்கையிலயும் ஒண்ணு கூடும். பாஸ் போட நின்னு அடி வாங்குனவன "ஓடினான்"னு எழுதி வைக்கிறாங்க. என்ன நியாயம் இது?

நம்பர் போட்டுப் பாப்போம், சும்மா ஒரு உதாரணத்துக்கு. முதல் பையன் 400 பாஸ், 3,200 கெஜம். ஒரு பாஸுக்கு 8. ரெண்டாவது பையனும் 400 பாஸ், ஆனா 3,080 கெஜம், அப்ப 7.7. முதல் பையன்தான் மேலன்னு தோணும். இப்ப சாக்க உள்ள கொண்டு வாங்க. முதல் பையன் 30 சாக், 210 கெஜம் போச்சு. 3,200ல 210 கழிச்சு, 430ஆல வகுத்தா 6.95. ரெண்டாவது பையன் 12 சாக், 80 கெஜம். 3,000த்த 412ஆல வகுத்தா 7.28. வரிசையே தலைகீழாயிடுச்சு!

ஓட்டத்தையும் அப்படியே சரி பண்ணணும். ஏட்டுல 100 ஓட்டம், 250 கெஜம்னு இருந்தா, அதுல 30 சாக்கத் தூக்கிட்டு 210 கெஜத்தத் திருப்பிச் சேருங்க. 70 ஓட்டம், 460 கெஜம், ஒரு ஓட்டத்துக்கு 6.6. அந்த 2.5 இப்படித்தான் 6.6 ஆச்சு. ஷீட்டுல ஒரே ஒரு காலத்துக்கு (column) ராத்திரி முழுக்கப் போச்சு, ஆனா சரியா வந்தப்ப இருந்த சந்தோஷம் இருக்கே... சரி சரி, மேல போவோம்.

சாக்குன்னதும் ஞாபகம் வருது. பிரஷர் வந்த, அதாவது எதிரணி குவார்ட்டர்பேக்க நெருக்குன தடவைல எத்தன சாக்கா முடிஞ்சுதுங்கிற விகிதத்துக்குத் தனிக் காலம் வைங்க. குவார்ட்டர்பேக்கக் காக்க முன்னாடி நிக்கிற லைன்மேனுங்க மேல பழி போடுறது சுலபம். ஆனா பிரஷர் வர்றதுக்கு லைன் எவ்வளவு காரணமோ, அந்தப் பிரஷர் சாக்கா மாறுறதுக்கு அவ்வளவு இல்ல. பந்த எப்ப கைய விட்டு அனுப்பணும்னு முடிவு பண்றவன் குவார்ட்டர்பேக். நம்ம ஷீட்டுல 20 சதவீதத்தத் தாண்டுனா செல் சிவப்பாகும். சிவப்புன்னா "வீடியோவ திரும்பப் பாரு"ன்னு அர்த்தம், "எடுக்காத"ன்னு இல்ல. எத்தன தடவ சொல்றது!

அடுத்து, ஆடின மேட்ச் எண்ணிக்கை. கொஞ்சமா ஆடினவனோட நம்பர அப்படியே நம்பக் கூடாது, சராசரி பக்கம் இழுத்து வைக்கணும். 2017 டிராஃப்ட்ல வந்த குவார்ட்டர்பேக் ட்ருபிஸ்கிய எடுத்துக்கங்க. காலேஜ்ல 13 மேட்ச்தான் ஸ்டார்ட் பண்ணாரு, கடைசி சீசன்ல 447 பாஸ், 68 சதவீதம் கம்ப்ளீஷன், அதாவது வீசுனதுல சக ஆட்டக்காரர் பிடிச்ச பாஸ். பொதுச் சராசரி 62னு வைங்க, அந்தச் சராசரியில 300 பாஸ் சேர்த்துக் கலக்குங்க. 65.6 வரும். இன்னொரு பையன் 1,500 பாஸ்ல 66 சதவீதம்னா, அதே கலவைல 65.3. ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். வெறும் 68ஐயும் 66ஐயும் வச்சு சண்ட போட்டது வேஸ்ட்டு. 300ங்கிறது நான் பிடிச்ச நம்பர், நீங்க 200 வைங்க, 400 வைங்க, வச்சிட்டு வரிசை எங்க உடையுதுன்னு பாருங்க.

ஒண்ணு விட்டுட்டேன், கம்ப்ளீஷன் கணக்குக்கு முன்னாடியே சொல்லிருக்கணும். ஸ்க்ரீன் பாஸ எல்லாம் முதல்ல வெளிய எடுங்க. கோட்டுக்குப் பின்னாடி நிக்கிறவனுக்குத் தட்டி விடுற பந்து யாருக்கும் கம்ப்ளீட் ஆகும். அதுல குவார்ட்டர்பேக்க விட கோச்சோட திட்டம்தான் தெரியும்.

இப்ப பெரிய ஓட்டை. என்எஃப்எல்ல ஆடுனவங்களோட நம்பர மட்டும் வச்சு, யாரு தேறுவான்னு கணிக்கிற மாடல பழக்குனா, டிராஃப்ட்டோட கடைசி ரவுண்ட்ல எடுத்த பசங்களும் முதல் ரவுண்ட் பசங்க மாதிரியே தெரிவாங்க. ஏன்னா கடைசி ரவுண்ட்ல எடுத்தவங்கள்ல பாதிப் பேருக்கு மேல மைதானத்துல இறங்குறதே அபூர்வம், இறங்குனவங்கதான் கணக்குல இருக்காங்க. டாம் பிரேடி 2000த்துல 199வது பிக், அதாவது டிராஃப்ட்ல 199வதா எடுத்த ஆளு. 2001ல அணியோட முதல் குவார்ட்டர்பேக் பிளெட்சோவுக்கு அடிபடலன்னா அவருக்கு எப்ப நம்பர் வந்திருக்கும்? எக்ஸெல்ல ஆவரேஜ் ஃபார்முலா காலி செல்லத் தாண்டிப் போயிடும். அதனால ஆடாதவனுக்குக் காலியா விடாதீங்க, பூஜ்யம் போடுங்க.

மாடல சோதிக்கிறப்பவும் ஷீட்டு வரிசைய (row) அங்கங்க பிச்சு எடுக்காதீங்க. ஒரு வருஷத்து டிராஃப்ட்ட முழுசா ஒளிச்சு வச்சு சோதிங்க. 2018ஐ சோதிச்சா, 2018 ஏப்ரலுக்கு அப்புறம் தெரிஞ்ச ஒரு நம்பரும் உள்ள இருக்கக் கூடாது. அந்த வருஷம் நம்ம மாடல் ஜோஷ் ஆலன்கிட்ட செமையா அடி வாங்கும். காலேஜ்ல 56 சதவீதம் கம்ப்ளீஷன், ஏழாவது பிக். என்எஃப்எல்ல 2020ல 69 சதவீதம் போட்டாரு. அந்த அடிய மறைக்க "கை பலம்"னு புதுக் காலம் சேர்க்காதீங்க. ஒருத்தருக்காகச் சேர்த்த காலம் அடுத்த வருஷம் நாலு பேர்கிட்ட பொய் சொல்லும்.

மாடல் சொல்ல வேண்டியது "இவன் 87.4 மார்க்"னு இல்ல. தேறுவானா, சுமாரா, போச்சான்னு மூணு சாத்தியம், மூணும் சேர்ந்து 100. அத பிக்கோட விலைகிட்ட வச்சுப் பாக்கணும். யாரு நல்லவன்னு கண்டுபிடிக்கிறத விட, என்ன விலைக்கு மேல போகக் கூடாதுன்னு சொல்றதுலதான் இந்த மாடல் உருப்படியா உதவுது. மாஸி, தேலர்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2013ல வெளியிட்ட கட்டுரையில, ஒரே இடத்துல ஆடுற, அடுத்தடுத்து எடுத்த ரெண்டு பேர்ல முன்னாடி எடுத்தவரு நல்லா ஆடுறது 52 சதவீதம்தான்னு காட்டுனாங்க. கிட்டத்தட்ட பூவா தலையா.

இப்ப பிக்கோட விலை விஷயத்துக்கு வருவோம். ஒவ்வொரு பிக்குக்கும் புள்ளி போட்டு மதிப்பு சொல்ற ஜிம்மி ஜான்சன் சார்ட்ல முதல் பிக் 3,000, மூணாவது 2,200, பன்னெண்டாவது 1,200, முப்பத்திரெண்டாவது 590. 2021ல ஃபார்ட்டி நைனர்ஸ் அணி 12வது பிக்லருந்து 3வதுக்கு ஏறுனாங்க. வித்தியாசம் 1,000 புள்ளி. குடுத்தது 2022, 2023 முதல் ரவுண்ட் பிக்குங்க, கூட ஒரு மூணாவது ரவுண்ட். அந்த ரெண்டு முதல் ரவுண்டும் கடைசி இடமாவே இருந்தாலும் 1,180. வருங்கால பிக்குக்கு மதிப்பு குறைச்சுப் போடுறது சந்தை வழக்கம், அதனாலதான் டீல் நியாயமாத் தெரிஞ்சுது. எடுத்தது ட்ரே லான்ஸ்ங்கிற குவார்ட்டர்பேக். 2023 ஆகஸ்ட்ல ஒரு நாலாவது ரவுண்ட் பிக்குக்கு டல்லாஸுக்குப் போயிட்டாரு. நடுவுல 2022ல அதே அணி கடைசி பிக்ல, 262ல, எடுத்த பிராக் பர்டிதான் அவங்களோட முதல் குவார்ட்டர்பேக் ஆனாரு. அதுக்காக "கடைசி பிக்லயே எடுக்கலாம்"னு கமெண்ட் போடாதீங்க, மேல சொன்ன பூஜ்யக் கணக்கப் பாருங்க.

எனக்குப் பிடிச்ச முடிவு 2012ல வாஷிங்டன் அணி எடுத்தது. குவார்ட்டர்பேக் ராபர்ட் கிரிஃபினுக்கு மூணு முதல் ரவுண்டும் ஒரு ரெண்டாவது ரவுண்டும் குடுத்தது அநியாய விலை, ஆனா அதே டிராஃப்ட்ல 102வது பிக்ல இன்னொரு குவார்ட்டர்பேக், கர்க் கசின்ஸையும் எடுத்தாங்க. அப்ப திட்டுனவங்க எத்தன பேரு! ரெண்டாவது சீட்டு எவ்வளவு மலிவுன்னு மாடல்ல ஓட்டுனா உடனே தெரியும்.

சம்பளம்! மறந்தே போனேன். 2011க்கு முன்னாடி பின்னாடி டேட்டாவ ஒண்ணாக் கலக்காதீங்க. 2010ல முதல் பிக் பிராட்ஃபர்டுக்கு 6 வருஷம், 78 மில்லியன் டாலர். 2011ல லீக்குக்கும் ஆட்டக்காரங்களுக்கும் நடுவுல புது ஒப்பந்தம் வந்ததும் நியூட்டனுக்கு 4 வருஷம், 22 மில்லியன். அதே முதல் பிக்குதான், ஆனா தேறுனா மிச்சமாகுற காசு வேற கணக்கு.

புது ஷீட்டுல மஞ்ச செல்ல மட்டும் மாத்துங்க, மத்ததெல்லாம் பூட்டியிருக்கு. கை அளவு காலத்தத் தூக்கிட்டேன். பர்ரோவுக்கு 9 இன்ச், பிக்கெட்டுக்கு எட்டரைன்னு டேப் பிடிச்சுகிட்டு நின்ன காலம் போதும். வொண்டர்லிக்ங்கிற அறிவுத் தேர்வும் போச்சு, 12 நிமிஷத்துல 50 கேள்வி, லீகே 2022ல நிறுத்திடுச்சு. ரெண்டையும் திரும்பக் கேக்காதீங்க, வராது.