ஃபைபர் படகின் பலம் பட்டறையில்தான் பிறக்கிறது

நேயர்களுக்கு வணக்கம்.

தமிழ்நாட்டுக் கடற்கரையில் எந்த ஊருக்குப் போனாலும் மணலில் ஃபைபர் படகுகள் நிற்பதைப் பார்க்கலாம். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த படகுகளால் அவற்றின் எண்ணிக்கை வேகமாகப் பெருகியது. ஃபைபர் என்று ஒரே சொல்லில் சொன்னாலும் அது இரண்டு பொருள்களின் கூட்டு: கண்ணாடி இழை, பாலியஸ்டர் ரெசின் என்ற இறுகும் பிசின்.

கை தவறினால் நொறுங்கும் கண்ணாடியை நம்பிக் கடலுக்குப் போகலாமா? 1920இல் கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் இதற்கு விடை தந்தார். கண்ணாடியைப் பலவீனமாக்குவது அதிலுள்ள நுண்ணிய கீறல்கள்தான். மெல்லிய இழையாக இழுத்துவிட்டால் பெரிய கீறலுக்கு இடமே இருக்காது. வலிமை பல மடங்கு ஏறிவிடும். படகில் போடும் இழை தலைமுடியைவிட மெல்லியது. ஆனால் வெறும் இழை துணிபோலத் துவளும். ரெசின்தான் இழைகளை இறுகப் பிடித்து, ஒன்றின் சுமையை அடுத்ததற்குக் கடத்துகிறது. ஓர் இழை அறுந்தாலும் பக்கத்து இழைகள் தாங்கிக்கொள்ளும்.

சரி, இதில் படகு வாங்குபவர் கவனிக்க என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. மரத்தை வாங்கும் முன்பே தட்டி, முடிச்சு பார்த்து, வேண்டாம் என்று ஒதுக்கலாம். ஃபைபரில் அது முடியாது. பொருளும் படகும் ஒரே நேரத்தில், ஒரே அச்சுக்குள் உருவாகின்றன. அதனால் அந்தப் பட்டறையில் வேலை செய்பவரின் கைதான் பொருளின் தரம்.

அச்சில் முதலில், படகின் வெளிப்பூச்சாக அமையும் ஜெல்கோட்டைப் பூசுவார்கள். அப்புறம் மேட் என்ற கண்ணாடி இழை விரிப்பைப் பரப்பி, ரெசின் தடவி, ரோலரால் அழுத்திக் காற்றை வெளியேற்றுவார்கள். ரோலர் போடுவதில் அவசரப்பட்டால் குமிழிகள் உள்ளேயே தங்கிவிடும். பின்னாளில் நீர் ஊறி, ஜெல்கோட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். ரெசின் ஊறாத மேட் வெள்ளைத் திட்டாகத் தெரியும். அதற்காக ரெசினைக் கொட்டினாலும் தவறு. கனம் கூடுமே தவிர, பலம் இழையில்தான் இருக்கிறது. மழைக்காலத்தில் ஈரம் பட்ட மேட்டில் ரெசின் சரியாக ஒட்டாது.

ரெசினை இறுகவைக்கக் கலக்கும் ஹார்ட்னரின் அளவு பொதுவாக ரெசினின் எடையில் நூற்றுக்கு 1 முதல் 2 பங்குதான். சீக்கிரம் இறுக வேண்டும் என்று கூட்டினால் ரெசின் சூடேறி வெடிப்பு விடும். மிகவும் குறைந்தால் முழுதாக இறுகாது. பட்டறை நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: ஹார்ட்னரையும், இறுகுவதை வேகப்படுத்தச் சேர்க்கும் கோபால்ட்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலந்த பிறகே மற்றதை ஊற்ற வேண்டும்.

படகுக்கு முன்பணம் கொடுப்பவர்கள் மேட் போடும் நாளில் பட்டறைக்குப் போய் நில்லுங்கள். உள்பக்கத்துக்குப் பெயின்ட் அடிக்கும் முன் பாருங்கள். வெள்ளைத் திட்டு இருந்தால் கேளுங்கள். பிறகு ஒரு நாணயத்தால் பக்கவாட்டை நெடுகத் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்று வரும் ஒலி ஓரிடத்தில் மட்டும் மங்கிப் பொத்தென்று கேட்டால், அங்கே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். அந்த இடத்தைக் குறித்துக் காட்டி, சரிசெய்த பிறகு படகை எடுங்கள். நன்றி, வணக்கம்.