நாறும் பூவும் நம் ஊர் வேலியும்

தலைமை வகிக்கும் நூலகர் ஐயா அவர்களே, இத்தனை வேலைகளுக்கு நடுவிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அண்ணாச்சி அவர்களே, பிள்ளைகளை வெயிலில் நடத்திக் கூட்டிவந்த தலைமையாசிரியை அம்மா அவர்களே, மைக் செட் தம்பிகளே, அனைவருக்கும் வணக்கம். நூலகத்துக்கு அண்ணாச்சி வாங்கித் தந்த இரண்டு மின்விசிறிகளுக்கும் இந்த மேடையிலேயே நன்றி சொல்லிவிடுகிறேன்.

பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள். எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் நான் இதில்தான் தொடங்குவேன். ஆனால் இன்று பேச வந்தது நாறுகிற பூக்களைப் பற்றி. சேனை, ஆடுதீண்டாப்பாளை, அப்புறம் பெண் தேனீயின் வாசனையைக் காட்டி ஆண் தேனீயை அழைக்கும் ஐரோப்பிய ஆர்க்கிட் என்று மூன்றையும் சொல்கிறேன்.

எனக்குப் பத்து வயதிருக்கும். கோடை மழை பெய்து நாலு நாள் ஆகியிருந்தது. சாயங்காலம் கொல்லையில் ஒரே பிண நாற்றம். "பெருச்சாளி செத்துக் கிடக்குடா" என்றார் ஆச்சி. விறகுக் கட்டை எல்லாம் இறக்கினோம். சாக்கடையைக் குத்தினோம். அப்பா ஓட்டின்மேல் ஏறிப் பார்த்தார். பக்கத்து வீட்டு அத்தை மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "உங்க வீட்டுலேருந்துதான் வருது, எடுத்துப் புதைக்க மாட்டீங்களா?" என்று சண்டைக்கே வந்துவிட்டார். இருட்டிய பிறகு டார்ச் வெளிச்சத்தில் ஆச்சிதான் கண்டுபிடித்தார். சேனைப் பாத்தியில், ஓர் இலைகூட இல்லாமல், தரையோடு ஒட்டிக் கருஞ்சிவப்பாய் ஒரு மடல். நடுவே சுருக்கம் விழுந்த குமிழ். மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்தேன். மடலின் அடியில் வண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன.

அழுகிய இறைச்சி என்று நம்பி வந்த வண்டுகள் அவை. அடியில் இருக்கும் பெண் பூக்கள் முதலில் தயாராகிவிடும். வேறொரு பூவிலிருந்து வண்டு சுமந்துவந்த மகரந்தம் அவற்றில் ஒட்டும். அதற்குப் பிறகுதான் மேலே உள்ள ஆண் பூக்கள் மகரந்தத்தை உதிர்க்கும். அதைப் பூசிக்கொண்டு வண்டு அடுத்த பூவுக்குப் போகும். பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும். இங்கே சேர்ந்த வண்டு ஒரு தலைமுறையையே சுமந்து போகிறது.

ஆடுதீண்டாப்பாளை இன்னும் கெட்டிக்காரி. சின்ன ஈ அதன் பூவின் குழாய்க்குள் இறங்கினால், உள்நோக்கி வளைந்த ரோமங்கள் அதைத் திரும்ப விடாது. மகரந்தம் உதிர்ந்து, ரோமம் வாடிய பிறகுதான் ஈக்கு விடுதலை.

சரி, இந்தச் செடி எங்கே இருக்கிறது? நம் கரிசல் வரப்பிலும் வேலியோரத்திலும்தான். அங்கேதான் களைக்கொல்லி அடிக்கிறோம். சிவந்த உடலும் கறுத்த சிறகுமாக வருமே ஒரு பட்டாம்பூச்சி, அது இந்தக் குடும்பத்துச் செடிகளில்தான் முட்டையிடும். வரப்பு கருகினால் அதன் புழுவுக்குத் தீனி ஏது? பூவே இல்லையென்றால் நார் எதோடு சேரும்?

அண்ணாச்சி, கைகூப்பிக் கேட்கிறேன். கண்மாய்க்கரையிலிருந்து பள்ளிக்கூடம் வரையுள்ள வேலிக்கு மருந்து அடிக்க வேண்டாம். புதர் மண்டினால் அரிவாளால் அறுத்துக்கொள்ளலாம். அறுக்க நானும் வருகிறேன். ஆர்க்கிட்டுக்கு இன்று நேரமில்லை. பள்ளிக்கூடத்துப் பின்வேலியில் இப்போது ஓர் ஆடுதீண்டாப்பாளை பூத்திருக்கிறது. பார்க்க ஆசைப்படும் பிள்ளைகள் தலைமையாசிரியை அம்மாவிடம் கேட்டுக்கொண்டு என்னோடு வாருங்கள்.