பிளக் கம்பியை அறுத்தால் பிக்கப் கூடுமா?

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பத்து ஆண்டு ஓடிய 150 சிசி கார்புரேட்டர் வண்டி வைத்திருக்கிறாராம். நண்பர் ஒருவர் ஸ்பார்க் பிளக்கின் பக்கக் கம்பியைப் பாதியாக அறுத்து மாட்டியதும் வண்டி பறக்கிறதாம். "நானும் அறுக்கலாமா? திம்பம் மலை ஏறும்போது என் வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது" என்கிறார்.

அறுக்க வேண்டாம் தம்பி. ஆனால் உங்கள் நண்பர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல மாட்டேன்.

இதோ, என் கையில் இருக்கும் பிளக்கைப் பாருங்கள். நடுவில் நிற்பது நடுக்கம்பி. அதன் தலைக்குக் குடை பிடித்தாற்போல் வளைந்திருப்பது பக்கக் கம்பி. இரண்டுக்கும் இடையில்தான் பொறி பாய்கிறது. அந்தக் குடை பொறியை மறைக்கிறது. அப்போதுதான் பிறந்த தீயின் சூட்டையும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்கிறது. குடையை நடுக்கம்பியின் விளிம்பு வரை வெட்டிவிட்டால் தீ தடையில்லாமல் பரவும். மின்சாரமும் கூரான விளிம்பிலிருந்துதான் எளிதாகத் தாவும். இவ்வளவும் உண்மை. இரிடியம் பிளக்கில் நடுக்கம்பியை 0.6 மில்லிமீட்டர், 0.4 மில்லிமீட்டர் என்று ஊசி போல மெலிய வைப்பதும் இதற்காகத்தான்.

இரிடியம் உருக 2,400 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு வேண்டும், அதனால் தாங்குகிறது. சாதாரண பிளக்கின் முனை நிக்கல் கலவை. நாம் அரம் போட்டுக் கூராக்கிய விளிம்பைப் பொறியே தின்றுவிடும். நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடும் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு நொடிக்கு 50 முறை தீ வைக்க வேண்டும். அந்தக் கூர்மை எத்தனை நாள் நிற்கும்? விளிம்பு மழுங்க மழுங்க இடைவெளியும் அகன்றுகொண்டே போகும்.

அகன்றால் என்ன ஆகும் என்பதைத் திம்பம் மலையிலேயே பார்க்கலாம். பண்ணாரி கோயிலைத் தாண்டினால் 27 கொண்டை ஊசி வளைவுகள். பின்னால் ஓர் ஆளை உட்காரவைத்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை முழுதாகத் திருகுகிறீர்கள். சிலிண்டருக்குள் காற்று நிறையப் புகுந்து அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் ஏற ஏற, அதே இடைவெளியைத் தாண்டுவதற்குப் பொறிக்கு இன்னும் அதிக வோல்டேஜ் தேவை. இடைவெளியும் அகன்று, பொறிக்கு வோல்டேஜ் ஏற்றித் தரும் இக்னிஷன் காயிலும் பழசாகி, பிளக் மேல் மாட்டும் ரப்பர் மூடியும் வெடித்திருந்தால் மின்சாரம் வேறு வழியில் கசிந்துவிடும். சத்தியமங்கலம் வரை பூப்போல வந்த வண்டி மலையில் திக்கித் திணறும். உங்கள் வண்டிக்கு இப்போதே இந்த நோய் இருக்கலாம். அறுத்தால் இன்னும் முற்றும்.

அப்படியானால் நண்பரின் வண்டி எப்படிப் பறந்தது? அவர் பிளக்கைக் கழற்றினார், கரியைச் சுரண்டினார், இடைவெளியைச் சரிசெய்தார், திரும்ப மாட்டினார். பலன் தந்தது இந்த வேலைகள். பெயர் தட்டிப்போனது ரம்பம்.

எனக்கும் ஒரு காலத்தில் இந்தப் பைத்தியம் இருந்தது. கோவை செட்டிபாளையத்தின் 'கரி மோட்டார் ஸ்பீட்வே' ரேஸ் டிராக்கில் ஓட்டுகிறவர்கள் பிளக்கின் திறந்த பக்கம் காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் இன்டேக் வால்வைப் பார்க்கும்படி செம்பு வாஷர் வைத்துத் திருப்பி மாட்டுவதாகக் கேள்விப்பட்டு, நானும் செய்தேன். பிறகு பட்டறைப் பையனிடம் மூன்று பிளக்குகள் கொடுத்தேன்: அறுத்தது, திருப்பி மாட்டியது, கை வைக்காத புதியது. எது எது என்று சொல்லவில்லை. ஆழியாறிலிருந்து வால்பாறை ஏற்றத்தில் ஓட்டிவிட்டு வந்து, "இதுதான் அறுத்தது, நன்றாக இழுக்கிறது" என்று அவன் அடித்துச் சொன்னது கை வைக்காத புதியதை. அன்றே என் ரம்பம் ஆணியில் ஏறிவிட்டது.

ரம்பம் ஏறியதற்கு இன்னொரு காரணமும் உண்டு, சொல்ல வெட்கம்தான். ஒரு பிளக்கை வைஸில் இறுக்கி அறுத்தபோது உள்ளிருக்கும் வெள்ளைப் பீங்கானில் மயிரிழை விரிசல் விட்டது. கவனிக்காமல் மாட்டினேன். துண்டு உடைந்து உள்ளே விழுந்து சிலிண்டர் சுவரைக் கீறிவிட்டது. பிளக்கின் விலையையும், சிலிண்டரைக் கடைந்து சீராக்கும் போரிங் செலவையும் நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பிளக்கால் இன்ஜினுக்குப் பலன் கிடைக்கவே கிடைக்காது என்றும் நான் சொல்லவில்லை. 2003-இல் பல்சரில் ஒரே சிலிண்டருக்கு இரண்டு பிளக்குகள் வைத்தார்கள். தீ இரண்டு முனையிலிருந்தும் கிளம்பி விரைவாகச் சேர்கிறது. ஆனால் அதற்காகச் சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டையே மாற்றி வடிவமைத்தார்கள்.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். கையேட்டில் சொன்ன அதே எண்ணுள்ள புதிய பிளக்கை வாங்குங்கள். எண் மாறினால் பிளக்கின் சூட்டளவு மாறும். என்ஜிகே பிளக்கில் எண் கூடினால் குளிர்ந்த பிளக், அதாவது சூட்டை விரைவாக வெளியே கடத்துவது. போஷில் நேர் எதிர். கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான்" என்றால் தலையாட்டாதீர்கள். இடைவெளியை ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடு வைத்துப் பாருங்கள். பல பைக்குகளுக்கு 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். முதலில் கையாலேயே கடைசி வரை திருகிவிட்டு, பிறகு ஸ்பானரால் அரைச் சுற்றுக்குச் சற்று மேல் திருப்பினால் போதும். ஏறி நின்று இறுக்கினால் அலுமினிய ஹெட்டின் மரை போய்விடும். மூடியையும் காயில் ஒயரையும் கையோடு பாருங்கள்.

ஏர் ஃபில்டரை மறந்துவிடாதீர்கள். திருப்பூர்ப் பக்கம் பஞ்சுத் தூசியும் பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார்த் தூசியும் அடைத்த ஃபில்டர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். ஃபில்டர் அடைத்தால் பெட்ரோல் மிஞ்சி பிளக் கரியாகும். பழியைப் பிளக் மேல் போடுவோம்.

பழைய பிளக்கைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். முனை இளம்பழுப்பாக இருந்தால் இன்ஜின் நலம். காய்ந்த கரியென்றால் பெட்ரோல் மிகுதி, வெளுத்திருந்தால் சூடு மிகுதி, எண்ணெய்ப் பிசுக்கு என்றால் பிஸ்டன் ரிங் தேய்மானமாக இருக்கலாம். நல்ல வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள் தம்பி, பார்த்துச் சொல்கிறேன்.