தோளில் டேங்க், சுவரில் உரிமம்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் வேளாண்மைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது கோவையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். எங்கள் குடியிருப்பில் சின்னதாக ஒரு பூங்கா உண்டு. அதைச் சுற்றி நடைபாதை. கற்களின் இடுக்கில் எல்லாம் கோரை. போன வருடம் ஒரு நாள் காலை நடை போய்க்கொண்டிருந்தபோது, தோட்ட வேலையை எடுத்துச் செய்யும் கான்ட்ராக்டர் அனுப்பிய பையன் ஒருவன் கோரைக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தான். இருபது வயதுதான் இருக்கும். முதுகில் 16 லிட்டர் பேட்டரி டேங்க், காலில் ரப்பர் செருப்பு, முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய லுங்கி. அடித்துக்கொண்டே வந்தவன் சட்டென்று நின்றான். மருந்து பீய்ச்சும் முனை, அதாவது நாசில், அடைத்துக்கொண்டது. கழற்றினான், வாயில் வைத்து ஓர் ஊது ஊதினான், துப்பினான், மறுபடி மாட்டினான். மூன்று நொடிகூட ஆகவில்லை.

எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. "தம்பி, அது விஷமாச்சே" என்றேன்.

"ஒண்ணும் ஆகாதுங்க சார். பூச்சிக்கு அடிக்கிறதுதானுங்க விஷம். இது வெறும் புல்லுக்கு" என்றான்.

சரி, அவனை விடுங்கள். அன்று மாலை கான்ட்ராக்டரைக் கூப்பிட்டு, "உங்களுக்கு மருந்து அடிக்க உரிமம் இருக்கிறதா?" என்று கேட்டேன். அவர் சிரித்தே விட்டார். "லைசென்ஸா? அது கரையான், கரப்பான்பூச்சிக்கு அடிக்கிற கம்பெனிக்காரங்களுக்குங்க. நம்முளுது தோட்ட வேலை."

பையன் சொன்னதும் கான்ட்ராக்டர் சொன்னதும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள். அந்தத் தவறைப் பற்றிப் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன்.

நம் நாட்டில் இதற்கென்று இருப்பது 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம். அது பிறந்த கதையைச் சொல்லியாக வேண்டும். 1958இல் கேரளத்தில் கோதுமை மாவுப் பண்டங்களைச் சாப்பிட்டவர்கள் திடீரென்று சுருண்டு விழுந்தார்கள். நூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள். விசாரித்தால், கோதுமை வந்த கப்பலிலேயே பாரத்தியான் என்ற பூச்சிமருந்தும் வந்திருக்கிறது. அது கசிந்து உணவில் கலந்துவிட்டது. அரிசி மூட்டையையும் மருந்து டின்னையும் ஒரே மாட்டு வண்டியில் ஏற்றுகிற பழக்கம் நம் ஊரிலும் இருந்ததுதான். அந்தச் சாவுகளுக்குப் பிறகு அமைத்த விசாரணைக் குழு, அதன் பரிந்துரை, அப்புறம் சட்டம், 1971இல் விதிகள் என்று ஒவ்வொன்றாக வந்தன.

சட்டத்தின் பெயர் பூச்சிக்கொல்லிச் சட்டம்தான். ஆனால் அது பூச்சிக்கொல்லி என்று சொல்வதில் களைக்கொல்லியும் அடக்கம், பூசணக்கொல்லியும் அடக்கம், எலி மருந்தும் அடக்கம். கிளைபோசேட், பாராகுவாட், 2,4-டி என்ற களைக்கொல்லிகள் எல்லாமே அதன் அட்டவணைக்குள் வருகிறவை. ஆகவே, 'இது வெறும் புல்லுக்கு' என்ற பேச்சு சட்டத்தின் முன் நிற்காது. பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் மருந்து என்றே சொல்லிப் பழகிவிட்டோம். காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, கோரைக்கு அடிப்பதும் மருந்து. அந்தச் சொல்லே பாதிப் பயத்தைப் போக்கிவிடுகிறது என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

உரிமம் யாருக்கு வேண்டும்? உங்கள் வீட்டுத் தேவைக்கு, உங்கள் காய்கறித் தோட்டத்துக்கு, நீங்கள் பயிர் செய்யும் நிலத்துக்கு நீங்களே அடித்துக்கொண்டால் இந்தச் சட்டம் குறுக்கே வராது. 38ஆவது பிரிவு அதற்கு விலக்குக் கொடுக்கிறது. அதையே இன்னொருவர் இடத்தில், காசு வாங்கிக்கொண்டு செய்தால் அது வணிக முறைப் பூச்சிக் கட்டுப்பாடு ஆகிவிடுகிறது. வீடாக இருக்கட்டும், பொது இடமாக இருக்கட்டும், வெறும் நிலமாக இருக்கட்டும், கூலி கை மாறினால் உரிமம் வேண்டும். கரையானுக்குத் தரையில் துளை போடுகிறவரும், பூங்காவில் கோரைக்கு அடிக்கிறவரும் விதிகளின் கண்ணில் ஒரே ஆள்தான். பெஸ்ட் கண்ட்ரோல் ஆபரேட்டர் என்று பெயர். எங்கள் கான்ட்ராக்டருக்கு அது தெரியாது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவரிடம் வேலை வாங்கிய எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கும் தெரியாது.

அந்த உரிமம் சும்மா கிடைத்துவிடாது. பொறுப்பாளராக இருப்பவர் வேளாண்மையில் பட்டம் பெற்றிருக்க வேண்டும், அல்லது வேதியியலை ஒரு பாடமாகப் படித்த அறிவியல் பட்டதாரியாக இருக்க வேண்டும். அதற்கு மேல் குறைந்தது 15 நாள் பயிற்சிச் சான்று. மைசூரில் இருக்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம், ஹைதராபாத்தில் இருக்கும் தேசியப் பயிர்நல மேலாண்மை நிறுவனம் போன்ற இடங்களில் அதைப் பெற வேண்டும். பிறகு வேளாண்மைத் துறையின் உரிம அலுவலரிடம் விண்ணப்பம். பத்தாம் வகுப்போடு நின்று, மண்வெட்டியும் புல்வெட்டும் மெஷினும் வைத்துக்கொண்டு, நாலு ஆளை வைத்துப் பிழைக்கிற ஒரு தோட்டக் கான்ட்ராக்டர் இந்தப் படியை எப்படி ஏறுவார் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஏற மாட்டார். அவருக்கு முன்னால் இருப்பது இரண்டு வழி. உரிமம் உள்ள ஒருவரை அமர்த்தி அடிக்கச் சொல்லலாம். இல்லையென்றால் மருந்தே தொடாமல் வெட்டியும் பிடுங்கியும் வேலையை முடிக்கலாம். நடைமுறையில் பலர் மூன்றாவது வழியில் போகிறார்கள். அதாவது யாரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.

2022 அக்டோபரில் மத்திய அரசு இதை இன்னும் இறுக்கியது. கிளைபோசேட்டைப் பெஸ்ட் கண்ட்ரோல் ஆபரேட்டர்கள் தவிர வேறு யாரும் பயன்படுத்தக் கூடாது என்று ஓர் ஆணை. உறையிலேயே அந்த எச்சரிக்கையைக் கொட்டை எழுத்தில் அச்சிட வேண்டும் என்றும் சொன்னது. கம்பெனிகள் கடுமையாக எதிர்த்தன. விவசாயிகளும் கேட்டார்கள், "என் வரப்புப் புல்லுக்கு அடிக்க நான் பட்டணத்திலிருந்து ஆள் கூட்டி வரணுமா?" என்று. ஒரு பெரிய கிராமத்தில் உரிமம் உள்ளவர் ஒருவர்கூட இல்லாதபோது அந்தக் கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை. ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. கிளைபோசேட்டுக்கு இந்தியாவில் அனுமதி இருந்ததே தேயிலைத் தோட்டத்துக்கும் பயிரில்லா இடங்களுக்கும்தான். கடையில் கேட்டவருக்கெல்லாம் கிடைத்தது என்பது வேறு கதை. அது புற்றுநோய் உண்டாக்குமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் 'அநேகமாக உண்டாக்கக்கூடும்' என்ற வகையில் சேர்த்தது. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் முகமை அப்படிக் கருதவில்லை. இலங்கை அதே 2015இல் இறக்குமதியைத் தடை செய்தது, பிறகு தளர்த்தியது. கேரளம் 2019இல் விற்பனையை நிறுத்தியது.

எனக்கு அந்தச் சண்டையைவிடப் பெரிதாகப் படுவது நாசிலை வாயால் ஊதுகிற அந்த மூன்று நொடி. ஏன் என்றால், நம் உரிம முறை சான்றிதழைச் சுவரில் மாட்டியிருப்பவரைத்தான் பார்க்கிறது, டேங்கைத் தோளில் மாட்டியிருப்பவரைப் பார்ப்பதில்லை. பட்டம் வேண்டும் என்பது பொறுப்பாளருக்கு. அடிக்கிற பையனுக்குத் தேர்வு கிடையாது. வேலையாட்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்க வேண்டும், கையுறை, முகக் கவசம், காலணி எல்லாம் கொடுக்க வேண்டும், மருத்துவரிடம் காட்டிப் பரிசோதிக்க வேண்டும் என்று விதிகளில் எழுதித்தான் இருக்கிறது. என் பணிக்காலத்தில் தெளிப்பு வேலைக்குப் போகிற ஓர் ஆளுக்கு அப்படிப் பரிசோதனை நடந்து நான் பார்த்ததில்லை.

பிரிட்டனில் முறை வேறு. தொழில்முறை மருந்தைக் கையால் அடிக்கிற ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தேர்வு எழுதிச் சான்று வாங்க வேண்டும். அடிப்படைப் பாடம் ஒன்று, கைத்தெளிப்பானை வைத்துச் செய்து காட்டும் தேர்வு ஒன்று. டேங்கை எப்படிக் கழுவுகிறாய், எந்த நாசில் போடுகிறாய், எவ்வளவு வேகத்தில் நடக்கிறாய் என்று நேரில் நின்று பார்ப்பார்கள். வயதில் மூத்த பண்ணைக்காரர்களுக்கு மட்டும் ஒரு விலக்கு இருந்தது. அதுவும் 2015 நவம்பர் 26ஆம் தேதியோடு போய்விட்டது. இங்கே பட்டம், அங்கே கைப்பழக்கம். எது வேண்டும் என்று என்னைக் கேட்டால் கைப்பழக்கம் என்பேன், தயங்காமல்.

ஏன் என்று சொல்கிறேன். எங்கள் குடியிருப்பிலேயே ஒரு அம்மா தரைத்தளத்தில் தொட்டியில் தக்காளி வைத்திருந்தார். ஒரு வாரம் இலையெல்லாம் பாம்பு போல நெளிந்து, கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டது. வைரஸ் நோய் என்று நினைத்தார். நான் போய்ப் பார்த்துவிட்டு, தோட்டக்காரப் பையன் என்ன அடித்தான் என்று கேட்டேன். அசுவினிப் பூச்சிக்கு வேப்பெண்ணெய் அடித்தானாம். வேப்பெண்ணெய் அப்படிச் செய்யாது. அதற்கு முந்தின வாரம் அதே டேங்கில் புல்தரையின் அகன்ற இலைக் களைக்கு 2,4-டி அடித்திருக்கிறான். பச்சைத் தண்ணீரில் ஒரு தடவை அலசிவிட்டு வைத்துவிட்டான். 2,4-டியின் மிச்சம் துளி இருந்தாலும் தக்காளிக்கும் பருத்திக்கும் திராட்சைக்கும் போதும். களை மருந்துக்கென்று தனி டேங்க் வைத்துக்கொள் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை.

நாசிலும் அப்படித்தான். பூச்சிக்கு அடிக்கும்போது இலை முழுதும் படரப் பொடித் துளியாக விழ வேண்டும், அதற்குக் கூம்பு வடிவ நாசில். களைக்கு அடிக்கும்போது துளி பெரிதாக, நேராகத் தரையில் விழ வேண்டும், அதற்கு விசிறி வடிவ நாசில். பெரும்பாலான தோட்டக்காரர்களிடம் இருப்பது ஒரே நாசில், அதுவும் கூம்பு. பொடித் துளி காற்றில் ஏறி அடுத்த வீட்டு முருங்கைக்குப் போகிறது, அடிக்கிறவன் மூக்குக்கும் போகிறது.

இன்னொரு விஷயம், காசு கொடுக்கிற நம்மைப் பற்றியது. கிளைபோசேட் இலை வழியாக வேருக்கு இறங்கி மெதுவாகக் கொல்லும். கோரை மஞ்சளாகிச் சாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். பாராகுவாட் பட்ட இடத்தை மறுநாளே கருக்கிவிடும். ஆனால் கோரைக் கிழங்கு மண்ணுக்குள் அப்படியே இருக்கும், அடுத்த மழைக்கு எழுந்துவிடும். குடியிருப்போர் சங்கத் தலைவர் மறுநாள் காலை வந்து, "என்னப்பா, பச்சையாகவே இருக்கு?" என்று கேட்பார் என்று கான்ட்ராக்டருக்குத் தெரியும். அதனால் அவர் கருக்குகிற மருந்தைத் தேர்ந்தெடுக்கிறார். பாராகுவாட் வாய்க்குள் போனால் மாற்று மருந்து கிடையாது. ஒரு வாய் போதும், நுரையீரல் இறுகி ஆள் போய்விடுவார். மலேசியா 2020இல் அதை முழுதாகத் தடை செய்தது. இங்கே இன்னும் கிடைக்கிறது. நாசிலை ஊதின பையனின் டேங்கில் அன்று என்ன இருந்தது என்று நான் முதலில் பார்த்தது இதற்காகத்தான். நல்லவேளை, கிளைபோசேட். நல்லவேளை என்று சொல்ல வேண்டியிருக்கிறது பாருங்கள்.

2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாள் மாவட்டத்தில் பருத்திக்குப் பூச்சிமருந்து அடித்த விவசாயிகளும் கூலியாட்களுமாக இருபது பேருக்கு மேல் செத்தார்கள். அவர்கள் யாரும் மருந்தைக் குடிக்கவில்லை, அடித்தார்கள், அவ்வளவுதான்.

ஆகவே உங்கள் வீட்டுக்கோ, பள்ளிக்கூடத்துக்கோ, குடியிருப்புக்கோ யாராவது களை மருந்து அடிக்க வந்தால், முதலில் உரிமத்தின் நகலைக் கேளுங்கள். அதில் யார் பெயர், எந்த ஊர் முகவரி, எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். பிறகு பாட்டிலைக் காட்டச் சொல்லுங்கள். வண்ண முக்கோணம் இருக்கும். சிவப்பு மிகக் கொடிய விஷம், அப்புறம் மஞ்சள், நீலம், பச்சை என்று இறங்கும். பச்சை என்றால் குடிக்கலாம் என்று அர்த்தமில்லை. பாட்டிலே இல்லாமல், மினரல் வாட்டர் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். அடித்து முடித்த காலிப் பாட்டிலை உடைத்து, குடியிருப்புக்கு வெகு தூரத்தில் புதைக்க வேண்டும் என்பது விதி. அதைக் கழுவி மோர் ஊற்றி வைத்த வீட்டையும் நான் பார்த்திருக்கிறேன். யாருக்காவது மயக்கம், வாந்தி என்றால் 108ஐக் கூப்பிடுங்கள், போகும்போது அந்தப் பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். லேபிளைப் பார்த்தால்தான் மருத்துவருக்கு என்ன செய்வது என்று தெரியும்.

எங்கள் கான்ட்ராக்டர் கதையை முடித்துவிடுகிறேன். நான் கேட்டுக் கேட்டு, ஒரு மாதம் கழித்து ஓர் உரிமத்தின் நகலைக் கொண்டுவந்து நீட்டினார். சந்தோஷமாக வாங்கிப் பார்த்தேன். வேறு மாவட்டத்தில் யாரோ ஒருவர் பெயரில் இருந்தது. காலமும் முடிந்துபோயிருந்தது. "தெரிஞ்சவருங்க சார், கேட்டா குடுப்பாருங்க" என்றார். சங்கத்தில் பேசி, மருந்தே வேண்டாம் என்று முடிவு செய்தோம். இரண்டு பெண்கள் களைக்கொத்தோடு வந்து, கல் இடுக்கில் இருந்த கோரையைக் கிழங்கோடு கெல்லி எடுத்தார்கள். நாலு நாள் வேலை. மருந்துக்கு ஆன செலவைப்போல மூன்று மடங்கு கூலி. பொருளாளர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

அந்தப் பையனுக்கு ஒரு பழைய டூத் பிரஷ் கொடுத்தேன், நாசில் அடைத்தால் தேய்த்துக் கழுவ. சட்டைப் பையில் செருகிக்கொண்டான். இப்போது வேறு ஏதோ ஒரு குடியிருப்பில் அடித்துக்கொண்டிருப்பான். எங்கள் நடைபாதையில் போன வார மழைக்கு மறுபடி கோரை எட்டிப் பார்த்திருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம்.

வணக்கம்.